ஒரு அடுப்புக்கு ஒரு பிடி

கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் எங்கள் அதிகாரி என்னை அறைக்குள் கூப்பிட்டார். பினாங்கில் அரசாங்கம் அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்த சட்ட உதவி அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். வக்கீல் வைக்க வசதியில்லாமல் வருகிற தமிழர்கள் சொல்வதை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பது என் வேலை. "மெட்ராசுக்குத்தானே போகிறாய்? அங்கே ஏழைக்கு வக்கீல் எப்படிக் கிடைக்கிறார், அந்த ஏற்பாட்டை யார் நடத்துகிறார்கள், செலவை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்றார். நான் போவது பெரியம்மா மகள் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்த. லீவு கொடுத்த மனிதரிடம் அதை அழுத்திச் சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மெட்ராசில் இறங்கியது ஒரு சனிக்கிழமை. பெரியம்மா மகள் வசந்தாக்காவின் வீடு திருமுல்லைவாயிலில். லோக்கல் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இஞ்சின் கக்கிய கரித்தூள் கண்ணில் விழும்வரை அந்தப் பெருமை இருந்தது. அம்பத்தூரில் ஷிப்டு முடிந்த கூட்டம் ஏறியது. திருமுல்லைவாயில் வந்து நான் எழுந்தபோது எனக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு ஊரே நின்றுகொண்டிருந்தது. "வழி விடுங்கள்" என்று பினாங்கு மரியாதையோடு சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

"இன்னாமா, எறங்கணும்னா அம்பத்தூர்லயே வாசலாண்ட வந்து நின்னுக்க வாணாமா?" என்றார் சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்த ஒருவர்.

"ஆவடில எறங்கி, எதுர் வண்டி புடிச்சி வந்துடு. பொட்டிய நான் எறக்கித் தரேன்" என்றார் இன்னொருவர். சொன்னபடி இறக்கியும் கொடுத்தார். பினாங்கில் எனக்கு வழிவிட்டிருப்பார்கள், பெட்டியை இறக்கியிருக்க மாட்டார்கள். ஆவடியில் எதிர் வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் வேர்க்கடலை வாங்கித் தின்றேன். உப்புப் போட்டு வேகவைத்த கடலை. அதற்காகவே இன்னொரு தடவை ஊரைத் தவறவிடலாம்.

"இன்னாடி இது, மூஞ்சில கரிய பூசிகினு வந்துகீற?" என்றுதான் வசந்தாக்கா வரவேற்றாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது; காது குத்து அடுத்த வாரக் கடைசியில்தான். அவள் கணவர் தேவராஜ் மாமா அம்பத்தூரில் சைக்கிள் உதிரிப்பாகம் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். அவர்கள் வீட்டுச் சமையலறையில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு தகர டிரம் இருந்தது. அக்கா ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளந்து முறத்தில் போட்டாள். கழுவுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டிரம்முக்குள் போட்டாள்.

"சாமிக்கா?" என்று கேட்டேன்.

"கோர்ட்டுக்கு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. மாமா உட்கார்ந்து விளக்கினார். இந்தப் பக்கத்துத் தொழிலாளர் தெருக்களில், திருமுல்லைவாயில் முதல் பருத்திப்பட்டு வரை, சேர்ந்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். வாரம் ஒருமுறை அது இந்த டிரம்முக்கு வருகிறது. மாதக் கடைசியில் இட்லிக்கடை அம்மா மொத்தமாக வாங்கிக்கொள்கிறாள். அந்தப் பணத்தில்தான் கோர்ட் ஸ்டாம்பு, டைப் அடிக்கிற செலவு, பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போய்வர பஸ் எல்லாம். பூந்தமல்லியில் சாதிக் என்று ஒரு வக்கீல் பீஸ் வாங்காமல் வாதாடுகிறார். எந்த வழக்கை எடுப்பது என்று ஐந்து பேர் குழு முடிவு செய்கிறது. அரிசி போடுகிற வீடுகள் பொங்கலுக்குப் பொங்கல் கூடி அந்த ஐந்து பேரைப் பொறுக்குகின்றன. மாமாதான் செயலாளர்.

"வயக்கப் பாக்கறவன் அரிசியத் தொடக்கூடாது. அரிசியப் பாக்கறவ வயக்குல மூக்க நொயக்கக்கூடாது. அத்தான் சட்டம். அரிசி இவ டிபார்ட்மெண்டு" என்று அக்காவைக் காட்டினார்.

"அந்தச் சட்டத்த நல்லா காப்பாத்துனியே" என்றாள் அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே. மாமா பேச்சை மாற்றினார்.

"உங்க ஆபீசு எப்டி ஆபீசரம்மா?"

எனக்கு வாய்ப்புக் கிடைத்தது, விடுவேனா? வருமானத்தைச் சத்தியம் செய்து சொல்ல ஒரு படிவம், எந்தெந்த வகை வழக்கு எடுக்கலாம் என்பதற்கு ஓர் அட்டவணை, பட்ஜெட்டில் நிதி, மேலே ஓர் இயக்குநர், அவருக்கு மேலே அமைச்சர் என்று அடுக்கினேன். மாமா கவனமாகக் கேட்டார்.

"அப்ப அந்த அமைச்சர் மேலயே ஒருத்தன் கேசு போடணும்னு வந்தா?"

"அட்டவணையில் அது இல்லை" என்றேன். சொல்லிவிட்டு அக்கா கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தேன்.

ஞாயிறு காலை இட்லிக்கு வடகறி. இதைப் பினாங்கில் எவரும் செய்வதில்லை, அது எங்கள் ஊரின் பெரிய குறை. சாப்பிட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இருந்த ஓலைக் கொட்டகைக்குப் போனோம். அங்கேதான் குழு கூடுகிறது. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மட்டும் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அரிசி மண்டி பொன்னுரங்கம் என்றாள் அக்கா. பாயின் ஓரத்தில், முந்தானையில் முடிந்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலை அவளுக்கு. வயது நாற்பது இருக்கும்.

அந்தக் காகிதம் கோர்ட் சம்மன். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் அவள் இருக்கிற ஓட்டு வீட்டை இறந்துபோன அவள் புருஷன் தன் கையால் கட்டினான். நிலத்தைப் பொன்னுரங்கத்தின் அப்பா, அவன் தன் மண்டியில் உழைத்ததற்காக வாய்வார்த்தையாகக் கொடுத்தாராம். மகன் இப்போது அங்கே கோடவுன் கட்டப் போகிறார். நிலம் என்னுடையது, காலி செய் என்று வழக்குப் போட்டிருக்கிறார். வியாழக்கிழமை பூந்தமல்லியில் அவளுக்காக ஒரு வக்கீல் நிற்காவிட்டால் அவள் பக்கம் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். வீடு போய்விடும்.

குழு உடனே சரி என்று சொல்லவில்லை; இதில் என்ன தயக்கம் என்று எனக்குக் கோபமே வந்தது. அக்கா காதில் சொன்னாள். ரேஷனில் அரிசி சரியாக வராத காலம் அது. ஒரு பிடி எடுப்பதே வீடுகளுக்குக் கஷ்டமாகி, டிரம் அடி தட்டிப் போயிருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் பொன்னுரங்கம் ஒரு மூட்டை கிச்சிலிச் சம்பா அரிசி அனுப்பினார். அக்கா அப்போது குழாயடியில் இருந்தாள். மாமா வாயெல்லாம் பல்லாக அதை வாங்கி, தன் கையாலேயே டிரம்மில் கொட்டிவிட்டார்.

"ஒரு அடுப்புக்கு ஒரு பிடின்னுதானே பேச்சு? மூட்டைய ஏன் வாங்குனே? அரிசிய நீ ஏன் தொட்டே?" என்று அக்கா அன்றைக்கே சண்டை போட்டிருக்கிறாள். கொட்டிய அரிசியை என்ன செய்வது? கலந்தாகிவிட்டது.

பொன்னுரங்கம் சிரித்த முகத்தோடுதான் பேசினார். எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. "நம்ம கொட்டா, நம்ம அரிசி. இதுல வக்கீல் இன்னாத்துக்கு? பாதி டிரம்மு நான் போட்டது. அத்த வித்து என் மேலயே ஆள நிறுத்துவீங்களா? இங்கயே பேசி முடிச்சிக்கலாம். அந்தம்மாவுக்கு நான் வேற எடம் பாத்துத் தரேன்."

"எந்த எடம் நைனா?" என்றாள் கன்னியம்மா.

"பாக்கலாம்."

பூந்தமல்லியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்த சாதிக் வக்கீல் அப்போதுதான் வாய் திறந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. "யார் பக்கம் நியாயம்னு கோர்ட்டுல முன்சீப் சொல்லுவாரு. இந்தக் கொட்டகையில அதைச் சொல்லக்கூடாது. அந்தம்மா தனியா நிக்கணுமா, துணையோட நிக்கணுமாங்கிறது மட்டும்தான் இங்க பேச்சு."

நான் அவரிடம் போய், ஏழைகளுக்கு அரசாங்க ஏற்பாடு ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. ஏழைன்னு நிரூபிச்சா கோர்ட்டுக் கட்டணம் கட்டாம வழக்குப் போடலாம். பாப்பர் மனுன்னு பேரு. ஆனா அது வழக்குப் போடறவங்களுக்கு. இந்தம்மா மேலதானே வழக்கு வந்திருக்கு? கொலைக் கேசுன்னா சர்க்காரே வக்கீல் தரும். வீடு போறதுக்குத் தராது" என்றார்.

அந்த அரிசியில் ஸ்டாம்பு வாங்கலாம் என்றார்கள் குழுவில் இரண்டு பேர். அப்போது கன்னியம்மாவே எழுந்து நின்றாள்.

"எனுக்கு வாணாம். அவுரு அரிசில அவுரு மேலயே நின்னேன்னு நாளைக்கு ஊரு பேசும். அவுரு அரிசி துன்னுட்டு நம்ம வக்கீலு மெதுவா பேசுனாருன்னு நானே நெனப்பேன். ரெண்டும் வாணாம்."

மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு மூட்டை அளந்து பொன்னுரங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை மாமா அந்த வாரம் முழுவதற்கும் லீவு போட்டுவிட்டு, மாட்டுவண்டியில் ஒரு மூட்டையோடு மண்டிக்குப் போனார். நானும் போனேன். பொன்னுரங்கம் மூட்டைக்குள் கையை விட்டு, அரிசியை உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்தார்.

"நான் குடுத்தது கிச்சிலி. இதுல ரேஷன் கீது, புயுங்கல் கீது, பச்சரிசி கீது. என் அரிசிய எனுக்குக் குடு தேவராஜு. அடுத்தவன் அரிசிய நான் வாங்கலாமா?"

பேச்சில் குற்றம் சொல்ல இடமில்லை. மனிதர் பதினைந்து தெருக்காரர்களின் அரிசியிலிருந்து தன்னுடையதைப் பொறுக்கித் தரச் சொல்கிறார். வாங்கிக்கொண்டால் டிரம்மில் தனக்குள்ள பிடி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வண்டி வந்த வழியே திரும்பியது. நடுவழியில் மாடு படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. மாமா அதன் பக்கத்திலேயே மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் என்னாலதான் செல்வி. மூட்டையப் பாத்ததும் எனுக்குக் கண்ணு தெரில" என்றார். வண்டிக்காரர் மாட்டின் காதில் ஏதோ கெஞ்சினார். மாமாவிடம் கெஞ்ச ஆளில்லாததால் அந்த வேலையை நான் செய்தேன்.

மாடு எழுந்திருக்கட்டும் என்று நான் பக்கத்திலிருந்த கன்னியம்மா வீட்டுக்கு நடந்தேன்; அன்று அவளும் வேலைக்குப் போகவில்லை. ஏரியில் தண்ணீர் ததும்பிக் கிடந்தது. அவளுடைய வீடு இரண்டு ஆள் படுக்கிற அளவுதான். ஆனால் சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. "அவுரு கட்டுனது. கொத்தனாரு இல்ல, மூட்ட தூக்கறவரு. ஞாயித்துக்கெயமல மட்டும் கட்டுனாரு" என்றாள். ஏரி விரால் குழம்பு ஊற்றி எனக்குச் சோறு போட்டாள். பினாங்கில் கடல் மீனைத் தின்று வளர்ந்தவள் நான், ஏரி மீனைக் கொஞ்சம் மட்டமாகத்தான் நினைத்திருந்தேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "இந்த ஊடு போனா நான் எங்கயாச்சும் இருந்துப்பேன். இந்தச் செவுரு எங்க போவும்?" என்று கேட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மூன்று பேரும் டிரம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். திருப்ப முடியாது, விற்க முடியாது, அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் பொன்னுரங்கத்தின் நாற்காலி கொட்டகையை விட்டுப் போகாது.

"ஆக்கிப் போட்டுடலாம்" என்றாள் அக்கா.

"எத்த?"

"அத்தனையும். எல்லாருக்கும் சோறாப் போட்டுடலாம். அவரும் வந்து துன்னட்டும். டிரம்ம கவுத்து வெச்சிட்டு, மறுபடி மொதல்லேர்ந்து ஒரு பிடி."

குழுவில் கேட்க வேண்டும் என்றார் மாமா. "கேளு. வயக்கு உன் டிபார்ட்மெண்டு. அரிசி என்னுது" என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை காலைக்குள் ஐந்து பேரும் சரி என்றார்கள். ஆனால் ஒரு சிக்கல். இத்தனை வகை அரிசியை ஒன்றாக உலையில் போட்டால் கிச்சிலி குழைந்துபோகும், ரேஷன் அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். இட்லிக்கடை அம்மாவுக்குக் கவலையில்லை, அவள் அரைத்துவிடுவாள். சோறாக்குவது எப்படி? தகவல் பூந்தமல்லிக்குப் போனது. சாதிக் வக்கீல் பதிலுக்கு ஆளே வந்துவிட்டார், தன் மாமாவையும் ஒரு மாட்டுவண்டி நிறைய பெரிய சமையல் தேக்சாக்களையும் கூட்டிக்கொண்டு. "நோன்புக் கஞ்சி மாதிரி காய்ச்சிடலாம். கஞ்சியில எல்லா அரிசியும் ஒண்ணுதான்" என்றார். அவர் மாமா சமையற்காரர். பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால், இஞ்சி என்று அவர் கேட்டதையெல்லாம் தெருவே ஓடி ஓடிக் கொண்டுவந்தது.

பினாங்கிலும் நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியை நாங்கள் தூக்குக் கொண்டுபோய் வாங்கிவருவோம். அந்த வாசனை திருமுல்லைவாயிலில், அதுவும் நோன்பில்லாத ஒரு நாளில் வந்ததும் நான் சின்னப் பிள்ளைபோல முதல் ஆளாகப் பாத்திரத்தை நீட்டினேன். ஷிப்டு முடிந்து ரயிலிலிருந்து இறங்கியவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் சாப்பாட்டுத் தூக்கிலேயே வாங்கிக் குடித்தார்கள். எனக்கு ஆவடியில் பெட்டியை இறக்கிக் கொடுத்தவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். "எறங்கக் கத்துக்கினியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொன்னுரங்கமும் வந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அக்கா ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "உங்க கிச்சிலியும் இதுலதான் கீது அண்ணாத்தே. குடிங்க." வாங்கிக் குடித்தார். அவர் இரண்டாவது கிண்ணம் வாங்கியதையும் நான் பார்த்தேன்.

ராத்திரி டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. வியாழக்கிழமைக்கு நடுவில் ஒரே நாள். வெறும் டிரம்மை வைத்துக்கொண்டு ஸ்டாம்பு வாங்க முடியுமா? என் கைப்பையைத் திறந்து, "நான் தருகிறேன் அக்கா. எவ்வளவு ஆகும்?" என்றேன்.

"வந்து எறங்குச்சு பாரு இன்னொரு மூட்ட" என்றாள் அக்கா.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. நல்ல மனதோடு கொடுப்பதை இப்படியா பேசுவது? அப்புறம் பாயில் படுத்துக்கொண்டு யோசித்தேன். நாளைக்கு என்னைப்போலப் பணம் கொடுத்த ஒருத்தி கன்னியம்மாவுக்கு எதிர்க்கட்சியாக வரமாட்டாள் என்று என்ன நிச்சயம்? அக்கா சொன்னது சரிதான். ஆனாலும் சொன்ன விதம் பிடிக்கவில்லை.

காலையில் அதற்குப் பரிகாரம் செய்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். "இந்தா. இத்த நீ பத்த வெச்சி ஆக்கு. அப்ப உனுக்கும் இந்தத் தெருவுல ஒரு அடுப்பு. ஒரு பிடி போடலாம்." நான் பினாங்கு வழக்கப்படி தேங்காய்ப்பால் சோறும், மிளகாய் அரைத்துக் கருவாட்டுச் சம்பலும் செய்தேன். சம்பலில் சர்க்கரை போட்டதற்கு மாமா என்னை மன்னிக்கவே இல்லை. ஆனால் டிரம்மில் விழுந்த முதல் பிடி என்னுடையது. ஒரு பிடி அரிசிக்கு இத்தனை சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். சேர்ந்திருந்த வீடுகள் மட்டுமல்ல, செவ்வாய்க்கிழமை கஞ்சி குடித்துவிட்டு இதென்ன ஏற்பாடு என்று கேட்டுப்போன புது வீடுகளும் வந்தன. முறத்தில், டம்ளரில், முந்தானையில். ஒரு பெண் கூடுதலாகக் கொண்டுவந்தாள். அக்கா ஒரு பிடியை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். மத்தியானம் வரிசையில் ஒரு பட்டுக்கரைப் புடவைக்காரம்மா நின்றாள். பொன்னுரங்கத்தின் மனைவி.

மாமா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அந்தம்மா யாரையும் பார்க்காமல், "எங்க ஊட்லயும் அடுப்பு எரியுதும்மா" என்றாள்.

"போடுங்க அண்ணி" என்றாள் அக்கா.

ஒரு பிடி கிச்சிலி டிரம்முக்குள் போனது. இட்லிக்கடை அம்மா மாதக் கடைசிக்குக் காத்திருக்காமல் அன்று மாலையே வந்து வாங்கிக்கொண்டாள். ஸ்டாம்புக்கும் டைப்புக்கும் போதும் என்றார் மாமா. போகிற பஸ்ஸுக்கும் ஆகும், திரும்பி வருவதற்குக் கொஞ்சம் இடிக்கும் என்றார்.

வியாழக்கிழமை பூந்தமல்லி. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மல்லிகை வாசனையும் பிரியாணி வாசனையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. கோர்ட்டு வாசலில் புளியமரத்தடியில் டைப் அடிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் மின்விசிறியும் காத்திருக்க நாற்காலியும் உண்டு. இங்கே மரத்தின் நிழல் நகர நகர ஜனங்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கன்னியம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. காலையிலிருந்து சாதிக்கைத் தன் வக்கீலாக நியமிக்கிற வக்காலத்துக் காகிதத்தில் தான் வைத்த கைநாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான்தான் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். எதிர்ப் பக்கம் கறுப்புக் கோட்டோடு ஒரு பெரிய வக்கீல், அவருக்குப் பின்னால் பொன்னுரங்கம். முன்சீப் நிமிராமலே, "பிரதிவாதிக்கு யார்?" என்றார்.

சாதிக் எழுந்தார். கோட்டில் முழங்கைப் பக்கம் தையல் போட்டிருந்தது. "நான் ஆஜராகிறேன்" என்றார்.

அவ்வளவுதான். வக்காலத்தை வாங்கிக்கொண்டார்கள். பதில் மனு போட அடுத்த மாதத்துக்கு வாய்தா கொடுத்தார்கள். ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. கன்னியம்மா வெளியே வந்து, "ஊடு?" என்றாள்.

"உங்க வீடு உங்ககிட்டயேதான் இருக்கு. வழக்கு நடக்கும். நான் வருவேன்" என்றார் சாதிக்.

அவள் மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு பிரியாணி வேண்டும் என்று கேட்டாள். அதை வாங்கிக் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை, நான் வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பும்போது ஆவடி பஸ்ஸில் எல்லோரும் இருந்தோம். எல்லோரும் என்றால் பொன்னுரங்கமும். அவருடைய கார் ஒர்க்ஷாப்பில் கிடந்தது. முன் சீட்டில் அவர், பின் சீட்டில் நாங்கள். பருத்திப்பட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் பஸ் இருமிவிட்டு நின்றுபோனது. கண்டக்டர் திரும்பி, "எறங்கித் தள்ளுங்கப்பா. பொம்பளைங்களும்தான், லோடு ஜாஸ்தி" என்றார்.

இறங்கினோம். மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் கை வைத்தார். அவர் கைக்குப் பக்கத்தில் கன்னியம்மாவின் கை. பெட்டி கட்டிக் கட்டிக் காய்த்துப்போன கை. பஸ் நகர ஆரம்பித்தது. இடது பக்கம் ஏரியும், ஏரிக்கு இந்தப் பக்கம் நேரான சுவரோடு அந்த வீடும் தெரிந்தன.

பொன்னுரங்கம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "அன்னைக்குக் கஞ்சி நல்லாதான் இருந்துச்சு."

நாலடி தள்ளினோம்.

"ஆனா ஒண்ணு, கன்னியம்மா. இந்தக் கேச நான் உடமாட்டேன்."

நாலு நாளுக்கு முன்பு இதே மனிதர் முன்னால் பாயின் ஓரத்தில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பஸ்ஸிலிருந்து கையை எடுக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உடாத நைனா" என்றாள். "எனுக்குந்தான் வக்கீலு கீறாரே."